வன்னிநாட்டிற் பெயரொத்த ஆறுகளும் கற்பாறைகளும்

வன்னிநாட்டில் நாயாறு என்னும் பெயருடைய ஆறுகள் இரண்டு உள. ஒன்று முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பிலுக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையில், அதே பெயர் பூண்ட நீரேரியிற் புகுந்து கீழைக்கடலை அடைகின்றது. மற்றையது மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே பறங்கியாற்றுக்கும் அருவியாற்றுக்கும் நடுவே ஓடி மேலைக்கடலை அடைகின்றது. பாலியாறு என்னும் பெயருக்கும் இதே நிலைமைதான். முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒன்று, மன்னார்ப் பக்கத்தில் ஒன்று. இலங்கை முழுவதையும் 103 ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து எண்ணிட்ட பட்டியலை எடுத்துப் பார்ப்போர், இவ்விரு பெயர்களும் இவ்விரு முறை வெவ்வேறு எண்களோடு வருதலைக் காண்பர். எண்கள் வேறாயிருத்தலின் அலுவலகத்தாருக்கு இடர் இல்லை. பெயரை மட்டும் அறிந்த நமக்கே இடர்.

அண்மை ஆண்டுகளிற் பாலியாற்று நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் பற்றி நாளேடுகள் எழுதின. அதனைப் படித்த நம் மாணவர் சிலர், "எங்கள் ஆற்றையா கொண்டுபோகப் போகிறார்கள்?" என வினவினர். அவர்கள் முல்லைத்தீவுப் பக்கத்தவர். செய்தியிற் கூறப்பட்டதோ பூநகரி மன்னார் வீதியைக் கடந்து மேற்கே பாயும் பாலியாறு. நாளேட்டில் மாவட்டத்தின் பெயர் ஒரு சொல் கூடியிருப்பின் அவ்வினாவே எழுந்திராது. நீருக்கும் நிலத்துக்கும் வழக்கு மிகுந்த ஒரு நாட்டில் ஒரு சொற்குறைவு எவ்வளவு கலக்கத்தை உண்டாக்கும் என்பதற்கு இது சிறியதோர் எடுத்துக்காட்டு. ஆதலின், வன்னியின் நீர்ப்பெயர்களும் கற்பெயர்களும் ஏன் இரட்டிக்கின்றன, எவை உண்மையில் ஒரே பெயர், எவை ஒலியால் மட்டும் ஒத்தவை என்பன பற்றி ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இத்துறையிற் தமிழில் வழிகாட்டிய நூல் இரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் "ஊரும் பேரும்" என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அது தமிழகத்து ஊர்களைப் பற்றியது. வன்னிக்கோவெனில், இங்கு அரசாங்க அலுவல் பார்த்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலும், பின்னர் வன்னி இடப்பெயர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையுமே நெடுங்காலம் துணையாயிருந்தன. வேற்று நாட்டார் ஒருவர் காட்டுவழியிற் சென்று குளத்துக்குக் குளம் பெயர் கேட்டு எழுதினார். உள்ளூரிலே பிறந்த நாம் அவர் எழுதியதைப் பார்த்துத்தான் சில பெயர்களை அறிகின்றோம். இது நிற்க.

பெயர் இரட்டிப்பதற்கு முதலாவது காரணம் மிக எளிது. ஊரவர் தம் ஊரருகே ஓடும் ஆற்றுக்குப் பெயரிடும்போது நாடு முழுவதையும் மனத்திற் கொள்வதில்லை. அயலிலுள்ள மற்றை நீர்களினின்றும் இந்நீரைப் பிரித்தறிய ஓர் அடையாளம் இருந்தாற் போதும். சிற்றோடைகள் பலவற்றிடையே ஒன்று பெரிதாயின் அது பேராறு. முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீர் தந்து நந்திக்கடலை நோக்கிச் செல்வது ஒரு பேராறு. வவுனியாவில் ஒரு பேராறு. கந்தளாயில் ஒரு பேராறு. மூன்றும் அவ்வவ்வூராருக்குப் பெரிய ஆறுகளே. சேரநாட்டுப் பெரியாற்றின் முன் இவை நில்லாமற் போகலாம். ஆனால் ஒதியமலைக் காட்டில் நிற்பவனுக்குச் சேரநாடு எதற்கு? சிங்கள மொழியினரும் இவ்வாறே செய்தனர். கொக்கிளாய் நீரேரியில் வந்து விழும் ஆற்றுக்கு மா ஓயா என்று பெயர். நீர்கொழும்புக்கு வடக்கே கடலிற் கலக்கும் ஆறும் மகா ஓயா. பொருள் ஒன்றே. பேராறு என்பதைச் சிங்களத்திற் சொன்னால் மா ஓயா, மா ஓயா என்பதைத் தமிழிற் சொன்னாற் பேராறு. ஒருவரைப் பார்த்து மற்றவர் பெயரிட்டார் என்று கொள்ள வேண்டுவதில்லை. இரு மொழியாரும் ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டனர்.

இதற்கு நேர்மாறாக, ஓர் ஆற்றுக்கே இரு பெயர் வழங்குதலும் உண்டு. அநுராதபுரத்தாருக்கு மல்வத்து ஓயா. மன்னாருக்கு வந்தபின் அருவியாறு. பாளி நூலாகிய மகாவம்சம் அதனைக் கதம்ப நதி என்னும். 164 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாறு இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமுடையது. அத்துணை நீண்ட ஆறு வழியிலே பெயர் மாறுதலில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் நம் நாட்டின் பருவநிலையைப் பொறுத்தது. இதுவே எமக்குச் சுவையுடையதாகத் தோன்றுகின்றது. வன்னியாறுகள் மாரியிற் பெருகிக் கோடையில் வற்றுவன. ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்று மழையில் இரு கரையும் முட்டி ஓடும் ஆறு, ஆடி ஆவணியில் இடையிடையே மடுக்களை மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியில் ஊரவர் காண்பது ஆற்றின் நீரை அன்று, அதன் படுகையையே. ஆகவே பெயர் படுகைக்கு இடப்படுகின்றது. படுகையில் மணல் கிடப்பின் மணலாறு; கல் கிடப்பிற் கல்லாறு; உவர் பூப்பின் உப்பாறு. நீர் நிலைத்து நிற்கும் குழி மடு. அம்மடுவருகே பாறை இருப்பிற் கல்மடு. காவிரி, வைகை போல ஆற்றுக்கு ஒரு பெண்பெயர் சூட்டிப் பாடும் வழக்கு இங்கு வளராமைக்கும் இதுவே காரணம் எனலாம். ஆறு மாதம் காணாமற் போகும் ஒருத்தியை எவ்வாறு அன்னை என்று பாடுவது?

இவ்வாறு பிறந்த பெயர்களுள் மிகப் பரவியது கல்லாறு. கிளிநொச்சி மாவட்டத்தில் தருமபுரத்துக்கு அணித்தாக ஒரு கல்லாறு உண்டு. மன்னாரின் தென்பகுதியிலே, அருவியாற்றுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடையில் ஒரு கல்லாறு உண்டு. மட்டக்களப்பின் தெற்கே பெரியகல்லாறு என்னும் ஊர் யாவரும் அறிந்தது. பூநகரிப் பக்கத்து மண்டைக்கல்லாறு இவ்வினத்தைச் சேர்ந்ததுதானா என்பது ஆராயற்பாலது. மண்டை என்னும் அடையொடு கூடிய கல்லாறு எனப் பிரிக்கலாம். மண்டைக்கல் என்னும் ஒரு பாறையருகே ஓடும் ஆறு எனவும் பிரிக்கலாம். மண்டை போலத் திரண்ட கல் ஒன்று முதலிற் பெயர்பெற, ஆறு பின்னர் அதன் பெயரைப் பெற்றது என்று கொள்வதே பொருத்தம் என்பது எமது கருத்து. மண் பரந்த வெளியிலே கல் ஒன்று கண்ணிற் படுமாயின் அதுவே ஊருக்கு வழிகாட்டி. ஆறு அவ்வழிகாட்டியின் அருகே ஓடுவது. ஆற்றுப்பட்டியலில் வரும் கோடாலிக்கல் ஆறு என்னும் பெயரும் இவ்வாறே கல்லுக்குப் பின் ஆற்றுக்கு வந்தது.

கல்மடுவும் அவ்வாறே பல. கிளிநொச்சிக் கல்மடுக்குளத்தின் அணை 2009 சனவரியிற் போரின்போது உடைக்கப்பட்டு வெள்ளம் பாய்ந்ததை மறந்தார் இலர். வவுனியாவில் ஈச்சங்குளத்தை அடுத்து ஒரு கல்மடு. வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு கல்மடு. அந்நாட்களில், உறவினரைப் பிரிந்து இருந்தோர் "கல்மடு" என்னும் ஒரு சொல்லை வானொலியிற் கேட்டு, எந்தக் கல்மடு என்று அறியாமல் எத்துணைத் துன்புற்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கல்முனை என்றாற் பெரும்பாலோர் அம்பாறை மாவட்டத்து நகரையே நினைப்பர். நம் பூநகரியிலும் ஒரு கல்முனை இருக்கின்றது. கௌதாரிமுனைக்கு அப்பால், யாழ்ப்பாணக் கடனீரேரியை நோக்கி நீண்டு நிற்கும் நிலக்கூர் அது. கடலோடிகளின் படங்களில் அது கல்முனை முனை எனக் குறிக்கப்பட்டிருக்கும். முனைக்கு ஒரு முனை! பொருள் அறியாமற் பெயரை எழுதுவோர் கைப்பட்டால் இவ்வாறு ஆகும்.

இங்கே மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கல்லாறு, கல்முனை என்னும் இரு பெயர்களிலும் உள்ள "கல்" ஒரே சொல். ஆனால் ஒரே பொருள் அன்று. புத்தளம் தொடக்கம் மன்னார், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வரை கடலோரமாகக் கிடப்பது சுண்ணாம்புக்கல். அது மயோசீன் என்னும் காலத்திற் கடலடியிற் படிந்தது. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. உள்நாட்டிலே வவுனியா, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் நிலத்தை உடைத்துக்கொண்டு தலைநீட்டுவது கருங்கல். அஃது உயிர்கள் நிலத்தில் ஏறுதற்கு மிக முன்னே நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியது. கிணறு வெட்டுவோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். சுண்ணாம்புக்கல்லிற் பிளவு பல. அதனூடு நீர் ஊறும், சில வேளை கடலுவரும் உடன் ஊறும். கருங்கல்லிற் பிளவு காணும் வரை வெட்ட வேண்டும். பூநகரிப் பக்கத்தான் "கல்" என்பதும் நெடுங்கேணியான் "கல்" என்பதும் இருவேறு பொருள்கள் என்பது இதனாற் தெளிவாகும்.

நிலநூலார் இலங்கையின் தொல்பாறைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்றே பெயரிட்டுள்ளனர் என்பதை இடையிலே கூறிவைக்கலாம். அத்தொகுதியின் பாறைகள் நம் வன்னியோடு நில்லாமற் குருநாகல் கடந்தும் தெற்கே செல்கின்றன. ஆகவே குருநாகலிற் கல்லுடைப்போர் வன்னிக்கல்லை உடைக்கின்றனர். பெயர் ஒரு முறை கடன் கொடுக்கப்பட்டால் எங்கெங்கே போய்ச் சேரும் என்பது யாருக்கும் தெரியாது.

கல்லும் நீரும் ஒரே பெயரிற் கூடிய ஊர் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கற்சிலைமடு. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியனைத் தலைவர் வொன் திரிபேர்க் தோற்கடித்ததைக் குறிக்கும் கல் ஒன்று அங்கு நாட்டப்பட்டிருந்தது. அக்கல்லால் ஊருக்குப் பெயர் வந்தது என்று சிலர் கூறுவர். சிலை என்னும் சொல்லுக்கே கல் என்பது பொருள். வடமொழிச் சிலா என்பதன் திரிபு. ஆகவே கற்சிலை என்பது "கற்கல்" என்றாகும். மக்கள் வழக்கில் இத்தகைய இரட்டிப்பு இயல்பே. நடுச்சென்டர் என்பார் இன்றும் உளரன்றோ.

பாலி, நாய் என்னும் பெயர்களைப் பற்றி நண்பர்களோடு பலகாலும் சொல்லாடியுள்ளோம். நாயாறு என்னும் பெயர் கேட்போருக்குச் சிறிது கூச்சத்தைத் தரும் போலும். அதனை உயர்த்த விரும்பியோர் ஞாயிறு என்னும் சொல்லைத் துணைக்கொள்வர். ஞாயிறு நாயிறு என வழங்குதல் பழந்தமிழில் உண்டு. முல்லைத்தீவு நாயாறு ஞாயிறு எழும் திசை நோக்கி ஓடுவது; ஆகவே ஞாயிற்றின் ஆறு நாயாறாயிற்று என்பது அவர் கொள்கை. கேட்க இனிது. ஆனால் மன்னார் நாயாறு ஞாயிறு படும் திசை நோக்கியன்றோ ஓடுகின்றது? ஒரே பெயருடைய இரண்டு ஆறுகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதன் பயன் இதுதான்: ஒன்றுக்குப் பொருந்தும் விளக்கம் மற்றையதற்குப் பொருந்தாவிடில் அவ்விளக்கத்தை ஐயுறல் வேண்டும். இலக்கணமும் அதற்கு இடந்தரவில்லை. ஞாயிறு என்பதனோடு ஆறு புணரின் ஞாயிற்றாறு என்றாகுமேயன்றி நாயாறு என்றாகாது. ஞாயிற்றுக்கிழமை என்னும் சொல்லே இதற்குச் சான்று.

அப்படியாயின் நாய் எங்கிருந்து வந்தது? நீர்நாய் என்பதோர் உயிர் ஈழத்து ஆறுகளிலும் குளங்களிலும் வாழ்கின்றது. மீனைத் தின்று, கரையில் வளை அமைத்து, இராக்காலத்தில் திரிவது. சங்கச் செய்யுட்களில் வாளைமீன் கவரும் நீர்நாய் பல இடங்களில் வருகின்றது. அவ்வுயிர் நடமாடும் ஆற்றை நீர்நாய் ஆறு என்று குறித்தோர், ஆறு என்றபோதே நீர் பெறப்படுதலின், முன்னுள்ள சொல்லை விட்டு நாயாறு என்றனர் எனக் கொள்ளின், கிழக்கும் மேற்கும் ஒருங்கே பொருந்தும். பெயரிற் கூச்சத்துக்கும் இடமில்லை. இது எமது ஊகமேயன்றி முடிபு அன்று.

பாலியாற்றுக்கு வருவோம். தொண்டைநாட்டுப் பாலாற்றைச் சேக்கிழார் பாலி என்றே வழங்குவர். வன்னியர் குடியேற்றத்தை வையாபாடல் கூறுவதையும், மேற்குப் பாலியாற்றின் அயலிலே பல்லவராயன்கட்டு ஆறு என ஒன்று இருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்ப்போர், தொண்டைநாட்டார் தம் ஆற்றின் பெயரைக் கொண்டுவந்து இங்கு இட்டனர் என்பர். இதனை எளிதிற் தள்ளிவிட இயலாது. அக்கராயன், கனகராயன், பல்லவராயன் என வன்னியாறுகள் தலைவர் பெயர்களைத் தாங்கி ஓடுவது உண்மை. ஆயினும் வேறொரு வழியும் உண்டு. வன்னிக்காட்டின் தலைமரம் பாலை. அதன் மஞ்சள் நிறப் பழத்தைத் தின்னாத பிள்ளை இங்கு இல்லை. பாலைமோட்டை, இரணைப்பாலை, பாலம்பிட்டி என அம்மரத்தால் வந்த ஊர்ப்பெயர்கள் நாடெங்கும் உள. பாலை நின்ற கரையையுடைய ஆறு பாலையாறாய், மக்கள் வாயிற் பாலியாறாதல் அரிதன்று. தொண்டைநாட்டாரே வந்து கிழக்கில் ஒன்றுக்கும் மேற்கில் ஒன்றுக்குமாக இரு முறை அதே பெயரை இட்டனர் என்பதிலும், இரு கரையிலும் ஒரே காடு இருந்தமையால் ஒரே பெயர் தானே தோன்றிற்று என்பது எமக்கு எளிதாகப் படுகின்றது.

இனிக் கடலுட் செல்வோம். நீருள் மறைந்து கிடக்கும் பாறையை நம் கடற்றொழிலாளர் பார் என்பர். மீன் பாரிலே கூடும். வலை பாரிலே கிழியும். ஆகவே பாரின் இடத்தை அறியாதவன் கடற்றொழில் அறியாதவன். மன்னார்க் கடலின் முத்துப்பார்களை 1902இல் ஆராயத் தொடங்கிய ஹெர்ட்மன் என்னும் பேராசிரியரின் பெருநூலிற் பெரிய பார், செவ்வல் பார், கொண்டச்சிப் பார், மோதரகம் பார் என்னும் பெயர்கள் வருகின்றன. இவற்றுள் மோதரகம் பார் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. மோதரகம் என்பது மறிச்சுக்கட்டிப் பக்கத்திற் கடலிற் கலக்கும் ஆற்றின் பெயர். ஆறு நிலத்தில், பார் கரைக்கு வெளியே கடலடியில். ஒரு துளி ஆற்றுநீரும் அப்பாறையிற் பிறந்ததன்று. பின் ஏன் ஒரே பெயர்?

நடுக்கடலில் நிற்பவனுக்கு அடையாளம் கடலில் இல்லை, கரையில்தான் உண்டு. கோபுரம், பனைக்கூட்டம், குன்று, ஆற்றுவாய் என்னும் இவற்றுள் இரண்டை ஒன்றோடொன்று நேர்ப்படப் பார்த்து, அந்நேர்க்கோட்டில் தோணியை நிறுத்தியே பாரைக் கண்டுபிடிப்பர். எந்தக் கரைக்குறியை நோக்கி நின்று கண்டனரோ அதன் பெயர் பாருக்கு ஆகின்றது. மோதரகம் ஆற்றுவாய்க்கு நேரே கிடந்த பார் மோதரகம் பார். கொண்டச்சிக் குடாவுக்கு நேரே கிடந்தது கொண்டச்சிப் பார். இங்கே பெயர் தற்செயலாக ஒத்ததன்று. கயிற்றினாற் கட்டியது போல ஒன்று மற்றையதைப் பிடித்து நிற்கின்றது. நாயாறு இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. மோதரகம் இரண்டும் ஒன்றின்றி மற்றையது பெயர் பெறாதவை. பெயரொப்புமை என்று ஒரு சொல்லால் நாம் குறிப்பினும் இவை வெவ்வேறு வகையின.

கீழைக்கரையில் நிலைமை வேறு. முல்லைத்தீவுக் கரை மணற்கரை. தெற்கே கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கங்களிற் கருமணல் செறிந்தது. அங்கே கல் அருமை. ஆகவே பெயர்கள் நீரைப் பற்றியே எழுந்தன. கொக்குத்தொடுவாய் என்பதிலுள்ள தொடுவாய், நீரேரி கடலைத் தொடும் வாய் என்னும் பொருட்டு. சோழநாட்டிற் சீகாழிக் கடற்கரையிலும், நம் நாட்டிற் சிலாபத்துக்குத் தெற்கேயும் தொடுவாய் என்னும் பெயர் உண்டு. கோடையிற் காற்றும் அலையும் மணலை வாரி அவ்வாயை அடைத்துவிடும். மாரியில் உள்நீர் பெருகி அணை போன்ற அம்மணற்றிட்டை உடைத்துச் செல்லும். தாமதித்தால் வயல் மூழ்கும் என்றஞ்சி மக்கள் தாமே வெட்டிவிடுதலும் உண்டு. நந்திக்கடலின் வாய் வட்டுவாகலில் இவ்வாறு வெட்டப்படுதலைப் பலர் கண்டிருப்பர். வாய் திறந்தால் இறால் உள்ளே வரும், உவரும் உள்ளே வரும்; கடற்றொழிலாளனும் வயற்காரனும் ஒரே நாளை விரும்புவதில்லை. கொக்கிளாய்க்கும் கொக்குத்தொடுவாய்க்கும் முன்னிற்கும் கொக்கு ஒரே கொக்கே. ஒரே நீரேரியின் கரையிலுள்ள ஊர்கள் அவை. பறவைகளின் பொருட்டு அந்நீரேரி 1951இற் சரணாலயமாக்கப்பட்டது. ஆனால் மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலையிற் கொக்கைத் தேடுதல் வீண். அது கொக்கட்டி என்னும் மரத்தின் சோலை.

ஒலியினால் மயங்குதலுக்கு எழுத்தும் ஒரு காரணம். முல்லைத்தீவு, முள்ளியவளை, முள்ளிவாய்க்கால் என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றும் ஒரே எழுத்துக்களில் தொடங்கும். முல்லை கொடி, முள்ளியோ உவர்நீர்க் கழியோரத்தில் முட்செறிந்து வளரும் செடி, பழைய நெய்தற் பாட்டுக்களில் முண்டகம் எனப்படுவது. லகரமும் ளகரமும் ஆங்கிலத்தில் ஒன்றாய்விட, அப்படத்தைப் பார்த்து மீளத் தமிழில் எழுதுவோர் முள்ளியை முல்லியாக்கக் காண்கின்றோம். சிலாவத்தை, சிலாவத்துறை என்னும் இரண்டையும் ஒரே ஊராக எண்ணுவோரும் உளர். பின்னையது மன்னாரிலே சிலாபம், அஃதாவது முத்துக்குளிப்பு, நடந்த துறை. முன்னையது முல்லைத்தீவை அடுத்த ஊர். இரண்டிலும் சிலா என்னும் எழுத்துக்களைக் கண்டு கல் என்று பொருள் கூறப் புகுவோர் இல்லாத பாறையில் மோதிக்கொள்வர்.

பெயர் ஒத்தமையால் வந்த இடரை நீக்க ஊர்களே பெயர் மாறியதும் உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைதீவு காரைநகர் ஆனமை, கிழக்கிலுள்ள காரைதீவோடு மயங்காதிருத்தற் பொருட்டே என்பர். அது ஊரவர் விரும்பி ஏற்ற மாற்றம். மணலாற்றின் கதை வேறு. 1984ஆம் ஆண்டின் இறுதியிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு முதலிய இடங்களின் தமிழ்மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1988இல் அப்பகுதி வெலிஓயா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வெலி என்பது மணல், ஓயா என்பது ஆறு. மொழிபெயர்ப்பிற் பிழை ஒன்றுமில்லை. ஆயின் காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் கையில் வைத்திருப்போருக்கு அது மொழிபெயர்ப்பன்று. உறுதியில் எல்லை மணலாறு; படத்திலோ வெலிஓயா. எல்லை கூறும் பெயர் மாறிவிட்டால், நிலம் அவ்விடத்திலேயே கிடந்தும் உறுதி வேறோர் இடத்தைச் சொல்வதாகிவிடும். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக ஊரை விட்டிருந்து 2009இன் பின் மீண்டோர் சிலருக்கு, தம் வயலின் எல்லையாயிருந்த ஓடையின் பெயர் நினைவிலிருந்த ஒரு முதியவரே சான்றாயினர். அம்முதியவர் கூறுவது நாயாறா, மணலாறா, எந்த மணலாறு என்பது அங்கே இலக்கண வினா அன்று.

ஆதலின் வகுப்பிலே நாம் மாணவரை எப்போதும் முல்லை நாயாறு, மன்னார் நாயாறு, கிளிநொச்சிக் கல்மடு, வவுனியாக் கல்மடு என்று அடைகொடுத்தே எழுதச் செய்கின்றோம். பழைய மாணவருள் அளவைத் திணைக்களத்திலும் பிரதேச செயலகங்களிலும் பணியாற்றுவோர் பலர் உளர். அவர்களும் படத்திற் பெயர் எழுதும்போது லகர ளகரம் நோக்குவார்களாக. சிற்றோடைகளின் பெயரும், வயலிடைக் கற்களின் பெயரும், பார்களின் பெயரும் எந்தப் படத்திலும் இல்லை. அவற்றை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இவ்விதழைப் படிக்கும் மாணவர் தம் பாட்டன்மாரிடத்தும் பாட்டிமாரிடத்தும் கேட்டு, ஓர் ஊருக்கு ஒரு தாள் வீதம் எழுதித் தருவாராயின் தொகுத்து வைக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

இரணை என்னும் சொல்லைப் பற்றியும் கூறி அமைவோம். இரணை என்பது இரட்டை. கனகராயன் ஆற்றை மறித்த பெருங்குளத்துக்கு இரணைமடு என்று பெயர். இரண்டு மடுக்கள் இருந்த இடம். இரணைப்பாலை இரட்டைப் பாலைமரம் நின்ற ஊர். இரணை இலுப்பைக்குளம் என்பதும் அவ்வாறே. பூநகரிக்கு மேற்கே கடலில் உள்ள இரணைதீவு உண்மையிலேயே இரண்டு தீவுகள். அத்தீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து முழங்காவிற் பக்கத்தில், தம் தீவின் பெயரிற் பாதியைக் கொண்டுவந்து, தாம் குடியேறிய இடத்துக்கு இரணைமாதாநகர் என்று பெயரிட்டனர். அந்நகரில் இரணையாக எதுவும் இல்லை. மரமும் இல்லை, மடுவும் இல்லை. 2018 ஏப்ரலிற் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டித் தீவுக்கு மீண்டபோது, இரணை என்னும் பெயர் கரையிலும் இருந்தது, கடலிலும் இருந்தது.